ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) கேமரா இருக்கு, பின்னாடி ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) போற ஐடியா. இப்பவே ஃபுல் ஃப்ரேம் லென்ஸா வாங்கிடலாமா?

"பாடி மாறிட்டே இருக்கும், லென்ஸ்தான் நிக்கும், அதனால ஃபுல் ஃப்ரேம் லென்ஸே வாங்கிடு"ன்னு நிறைய பேர் சொல்வாங்க. தூரத்துல இருக்கறதை கிட்ட காட்டுற டெலி லென்ஸுக்கு அது சரிதாங்க. அகலமா எடுக்கற வைடு பக்கம் அதைக் கேட்டு காசு போடாதீங்க.

ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 x 24 எம்எம். அதோட ஒப்பிட்டா நிக்கான், சோனி, ஃபுஜி ஏபிஎஸ்-சில க்ராப் (பார்வை எத்தனை மடங்கு குறுகுதுங்கற கணக்கு) 1.5, கேனான்ல 1.6, அதைவிடச் சின்ன சென்சாரான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்ல 2. லென்ஸோட எம்எம் (ஃபோக்கல் லெங்த்) மாறாது, சென்சார் அதுல எவ்வளவு பகுதியை எடுத்துக்குதுங்கறதுதான் மாறுது. அப்ப எல்லாரும் ஆசைப்படுற அந்த 24-70ஐ உங்க பாடில மாட்டினா, 1.5ஆல பெருக்கி, கிடைக்கிறது 36-105 மாதிரி ஒரு பார்வை. ஒரு சின்ன ரூமுக்குள்ள பத்து பேரை நிக்க வெச்சு எடுத்துப் பாருங்க, முதுகு சுவத்துல இடிக்கிற வரைக்கும் பின்னாடி போனாலும் ஓரத்துல நிக்கிறவரோட தோள் கட் ஆகும், அத்தனை வெயிட்டையும் கைல தூக்கிட்டு. அதே வேலைக்கு ஏபிஎஸ்-சிக்குன்னே செஞ்ச 16-55 எஃப் 2.8 மாதிரி ஒண்ணு சின்னதா, விலை கம்மியா இருக்கும், வைடும் கிடைக்கும்.

டெலில கதையே வேற. 70-300 உங்ககிட்ட 105-450 மாதிரி நடந்துக்கும், பறவை எடுக்கிறவங்களுக்கு அது லாபம்தான், நாளைக்கு பாடி மாத்தினாலும் வீணாகாது. 85 எம்எம் பிரைமும் (ஜூம் இல்லாத லென்ஸ்) அப்படித்தான், இப்போ போர்ட்ரெய்ட்டுக்கு கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

அபெர்ச்சர் (லென்ஸோட துவாரம், எஃப் நம்பர்) விஷயத்துல நிறைய குழப்பம் இருக்கு. எஃப் 2.8 எந்த ஃபார்மேட்லயும் எக்ஸ்போஷருக்கு (வெளிச்சத்துக்கு) 2.8தான். ஆனா ஒரே ஃப்ரேமிங்ல பேக்ரவுண்ட் ப்ளர்னு பாத்தா மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸோட 25 எம்எம் எஃப் 1.4, ஃபுல் ஃப்ரேம்ல 50 எம்எம் எஃப் 2.8 தர்றதைத்தான் தரும். ரெண்டு ஃபார்மேட்டோட லென்ஸ் விலையை ஒப்பிடும்போது இதையும் சேத்துக் கணக்குப் போடுங்க.

வாங்கறதுக்கு முன்னாடி பழைய போட்டோக்களோட எக்ஸிஃப்ல (ஃபைலோடவே பதிவாகிற விவரம்) ஃபோக்கல் லெங்த் பாருங்க, இதை மட்டும் தயவுசெஞ்சு செய்யுங்க. கேமராவோட வந்த 18-55 கிட் லென்ஸ்ல பாதிக்கு மேல 18லயே எடுத்திருந்தா உங்களுக்கு வேணும்ங்கறது வைடு, 55லயே முட்டிட்டு நின்னா டெலி. யூடியூப் ரிவ்யூவை விட இது நம்பகமான பதில்.

ஏபிஎஸ்-சி லென்ஸ் பின்னாடி ஃபுல் ஃப்ரேம்ல மாட்டுமாங்கறது மவுண்ட்டை, அதாவது லென்ஸ் மாட்டற அமைப்பைப் பொறுத்தது. சோனி இ, நிக்கான் இசட், கேனான் ஆர்எஃப்ல மாட்டும், சென்சாரோட நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கற க்ராப் மோடுல 24 மெகாபிக்சல் பாடி கிட்டத்தட்ட 10 ஆயிடும். பழைய கேனான் இஎஃப்-எஸ் லென்ஸ் ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆர்ல (உள்ளே மிரர் இருக்கற கேமரா) உக்காரவே உக்காராது. டிஎஸ்எல்ஆர் லென்ஸை அடாப்டர் போட்டு மிரர்லெஸ்ல போடலாம், ஏன்னா கேனான் இஎஃப்க்கு மவுண்ட்ல இருந்து சென்சார் வரை 44 எம்எம் தூரம், ஆர்எஃப்க்கு 20தான், நடுவுல அடாப்டருக்கு இடம் இருக்கு. தலைகீழா மிரர்லெஸ் லென்ஸை டிஎஸ்எல்ஆர்ல போட வழி இல்ல, ஆனா டிஎஸ்எல்ஆர் லென்ஸ் பின்னாடியும் உதவுங்கறதால, இப்ப கைல இருக்கறது டிஎஸ்எல்ஆர்னா செகண்ட் ஹேண்ட்ல நல்ல டெலி ஒண்ணு தைரியமா வாங்கலாம்.