இரண்டு நீர்மூழ்கிகளும் கடலுக்கடியில் இருந்தபடி சண்டையிட்டு, ஒன்று மற்றதை மூழ்கடித்தது உண்டா?

உண்டு. வரலாற்றில் பதிவானது ஒரே ஒரு முறைதான். 1945 பிப்ரவரி 9 அன்று, நார்வேயின் ஃபெட்யே தீவுக்கு அருகே பிரிட்டனின் வென்ச்சரர், ஜெர்மனியின் யு-864ஐ மூழ்கடித்தது. அதிலிருந்த 73 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

யு-864 சண்டை போடக் கிளம்பிய கப்பலே அல்ல. ஜெட் விமானப் பாகங்கள், பொறியாளர்கள், வெடிமருந்துத் தயாரிப்புக்காக சுமார் 67 டன் பாதரசம், இத்தனையையும் ஜப்பானுக்குக் கொண்டுபோகிற வேலை. பாதரசத்தை 1,857 எஃகுக் குடுவைகளில் அடைத்து அடிப்பகுதியில் அடுக்கியிருந்தார்கள். 1944 டிசம்பரில் கீல் துறைமுகத்தை விட்டது முதலே ராசியில்லாத பயணம். வழியில் தரைதட்டியது, பழுதுபார்க்க நார்வேயின் பெர்கன் துறைமுகத்துக்குப் போனால் அங்கே குண்டுவீச்சு. எல்லாம் முடிந்து பிப்ரவரியில் கிளம்பினால் எஞ்சின் ஒழுங்காக ஓடாமல் சத்தம் போட ஆரம்பித்தது. கேப்டன் வோல்ஃப்ராம் கப்பலைத் திருப்பினார்.

அந்தச் சத்தம்தான் வென்ச்சரரின் ஹைட்ரோஃபோனில், அதாவது நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவியில், கேட்டது. அதன் கேப்டன் ஜிம்மி லாண்டர்ஸுக்கு அப்போது 25 வயது. ஒலியலை அனுப்பித் தேடினால் எதிரிக்கும் கேட்டுவிடும் என்பதால், வெறுமனே காதால் கேட்டபடியே சுமார் மூன்று மணி நேரம் பின்தொடர்ந்தார். யு-864 மேலே வந்தால் சுடலாம் என்பது முதல் எண்ணம். அது வரவில்லை, இவருடைய பேட்டரியோ தீர்ந்துகொண்டிருந்தது.

ஆபத்தை உணர்ந்தோ என்னவோ, வோல்ஃப்ராம் வளைந்து வளைந்து போனார். ஆனால் அந்த வளைவுகள் ஓர் ஒழுங்கில் இருந்தன. அடுத்து எங்கே திரும்பும் என்று லாண்டர்ஸால் ஊகிக்க முடிந்தது. திசை, தூரம், வேகத்தோடு ஆழத்தையும் கணக்கிட்டாக வேண்டும். அப்படிச் சுடுவதற்கென்று அன்று எந்தக் கருவியும் கிடையாது, எல்லாம் கைக்கணக்கு. முன்பக்கக் குழாய்கள் நான்கிலிருந்தும் 17.5 நொடி இடைவெளியில், வெவ்வேறு ஆழத்துக்கு டார்பிடோக்களை விட்டார். முதல் மூன்றுக்குத் தப்பிய யு-864, நான்காவதின் பாதையில் போய் விழுந்தது.

பலரும் லாண்டர்ஸின் கணித மூளையையே புகழ்கிறார்கள். நியாயம்தான். ஆனால் அந்த எஞ்சின் மட்டும் ஒழுங்காக ஓடியிருந்தால், அது திரும்பியே வந்திருக்காது, அவருக்குக் கணக்குப் போடும் வேலையே இருந்திருக்காது என்பது என் கருத்து.

அப்புறம், விவகாரம் இன்னும் முடிந்தபாடில்லை. 2003இல் நார்வே கடற்படை சுமார் 150 மீட்டர் ஆழத்தில் உடைந்த கப்பலைக் கண்டுபிடித்தது. குடுவைகள் அரித்து, பாதரசம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. சுற்றுவட்டாரத்தில் பிடிக்கும் மீனைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் சாப்பிட வேண்டாம் என்று அறிவுறுத்தினார்கள். மேலே தூக்குவதா, மணலும் கல்லும் கொட்டி அங்கேயே மூடிவிடுவதா என்று பல ஆண்டுகள் இழுத்தார்கள். 2018இல் மூடிவிடலாம் என்று அரசு முடிவெடுத்த பிறகும் ஃபெட்யே மக்கள் தூக்கத்தான் வேண்டும் என்றார்கள். நானும் அவர்கள் பக்கம்தான், குறைந்தபட்சம் எடுக்க முடிந்த குடுவைகளையாவது எடுத்துவிட்டு மூடலாம்.