சி5 கார்வெட்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

வணக்கம். மிச்சிகன்ல இருக்கேன். 2002 மாடல் சி5, அதாவது செவர்லே கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரோட ஐந்தாம் தலைமுறை, மேனுவல் கியர். பதினாலு வருஷமா நானேதான் பாத்துக்கறேன். தொழில் மெக்கானிக் இல்லை. ஆனா என் கராஜ்ல நண்பர்களோட கார் ஏழெட்டைப் பிரிச்சுப் பூட்டியிருக்கேன். 1997 முதல் 2004 வரை வந்த சி5 மட்டும்தான் எனக்கு அத்துப்படி.

கேக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை. மல்டிமீட்டரை வச்சு பேட்டரி வோல்டேஜ் பாத்துட்டு வாங்க. ராத்திரி முழுக்க நின்ன காருக்கு 12.6 இருக்கணும். 12.2-க்குக் கீழே போச்சுன்னா இந்தக் கார் பொய் சொல்ல ஆரம்பிச்சிடும், இல்லாத கோளாறுக்கும் லைட் எரியும்.

டல்லாஸ்: அண்ணா, 2000 மாடல் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், 62,000 மைல். வாங்கும்போது என்னென்ன பாக்கணும்?

முதல்ல பேட்டரியைத் தூக்கிட்டு அடியில பாருங்க. அதுக்குக் கீழேதான் இன்ஜின் கம்ப்யூட்டர் இருக்கு. பேட்டரி ஓரத்துல கசிஞ்சா ஆசிட் நேரா வயர் கட்டு மேலயும் கம்ப்யூட்டர் மேலயும்தான் வடியும். வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தா விலையைக் குறைச்சுப் பேசுங்க, இல்லே வந்துடுங்க.

அப்புறம் ஸ்கேனர் தேவையில்லை, கார்லயே வசதி இருக்கு. சாவியை ஆன்ல வச்சு, ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ஃப்யூவல் பட்டனை நாலு தடவை தட்டுங்க. கார்ல இருக்கற சின்னச் சின்ன கம்ப்யூட்டர் (மாட்யூல்) ஒவ்வொண்ணோட கோளாறு கோட் நம்பரும் திரையில ஓடும். கடைசியில சி இருந்தா இப்போ இருக்கற கோளாறு, எச் இருந்தா பழசு. விக்கறவர் முன்னாடியே செய்யுங்க, அவர் முகத்தையும் ஒரு பார்வை பாத்துக்குங்க. ஒரு கோட் கூட இல்லாம துடைச்சு வச்சிருந்தா எனக்கு இன்னும் சந்தேகம் வரும்.

ஹெட்லைட்டை ரெண்டு மூணு தடவை தூக்கி இறக்குங்க. மோட்டார் முனகுது, லைட் எழும்பலைன்னா உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ஞ்சிருக்கு. பித்தளைச் சக்கரம் வாங்கி ஒரு சாயங்காலத்துல மாத்திடலாம், அதுக்காக வேண்டாம்னு சொல்லாதீங்க.

நியூ ஜெர்சி: சார், பெல்ட் கீச்சுன்னு கத்துது. புது பெல்ட் போட்டும் நிக்கலை.

பெல்ட்டை விட்டுடுங்க. கிராங்க் (இன்ஜினோட சுழல் தண்டு) முனையில இருக்கற பேலன்ஸர் புல்லியைப் பாருங்க. அது ஒரே துண்டு இல்லை. நடுவுல இரும்பு, வெளியில ஒரு இரும்பு வளையம், ரெண்டுக்கும் இடையில ரப்பர். இருபது வருஷத்துல ரப்பர் செத்துடும். வெளி வளையம் நடுங்கும், மெல்ல முன்னாடி நகரும், பெல்ட் கத்தும். விட்டா வளையம் கழன்டு பக்கத்துல இருக்கறதை அறுத்துடும்.

என் கார்ல நான் சந்தேகப்பட்டப்போ உள்பாகத்துலேருந்து வெளி வளையம் வரைக்கும் வெள்ளைப் பெயின்ட்ல ஒரே கோடு இழுத்தேன். ஒரு வாரம் கழிச்சு டார்ச் அடிச்சுப் பாத்தா கோடு ரெண்டா உடைஞ்சு, நடுவுல என் கட்டைவிரல் அகலம் இடைவெளி. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

மாத்தறது முழுநாள் வேலை. ஸ்டீயரிங் ரேக் வழியில நிக்கும், அதைக் கழட்டி நகர்த்தணும். ஸ்டார்ட்டரை எடுத்துட்டு ஃப்ளைவீலைப் பூட்டற கருவி போடணும். கிராங்க்ல புல்லி நழுவாம பிடிக்கற சாவிக்காடி கிடையாது, வெறும் இறுக்கப் பொருத்தம்தான். அதனால புல்லர் வச்சு இழுங்க, கருவி வச்சு ஏத்துங்க, சுத்தியலைத் தொடாதீங்க. பழைய போல்ட்டை வச்சு 240 அடி-பவுண்ட் இறுக்கி உக்கார வைங்க. அதைக் கழட்டி எறிஞ்சுட்டு புது போல்ட்டை 37 அடி-பவுண்ட், அதுக்கு மேல 140 டிகிரி திருப்புங்க. இந்தப் போல்ட் நீளற வகை, ஒரு தடவைதான் உதவும். முதல் தடவை நான் காசு மிச்சம்னு பழசையே விட்டேன். 3,000 மைல்ல தளர்ந்து, மறுபடி எல்லாத்தையும் பிரிச்சேன்.

ஹூஸ்டன்: ஏபிஎஸ் லைட், டிராக்‌ஷன் லைட் ரெண்டும் எரியுது. பிரேக் நல்லாதான் பிடிக்குது.

வோல்டேஜ் எவ்வளவு? அதைச் சொல்லலையே. 12.6 இருந்தும் எரிஞ்சா, டல்லாஸ்காரருக்குச் சொன்ன மாதிரி திரையில கோளாறு கோட் நம்பரைப் படிங்க. சி1214 வந்தா பிரேக் கம்ப்யூட்டருக்குள்ள ரிலே பக்கம் போயிருக்கு. 2000 வரைக்கும் உள்ள மாடல்ல பெட்டியைத் திறந்து ரிலேயோட சால்டரைப் புதுப்பிச்சு எத்தனையோ பேர் பிழைச்சிருக்காங்க. 2001-லேருந்து வந்த பெட்டி கஷ்டம், கம்பெனியில புதுசும் கிடைக்காது.

சான் ஹோசே: எல்லாம் சரி சார். லாரிக்குப் போடற பட்டை ஸ்பிரிங்கை (லீஃப் ஸ்பிரிங்) போட்டுட்டு இதை ஸ்போர்ட்ஸ் கார்னு எப்படிச் சொல்றீங்க? எங்க ஊர் மாட்டு வண்டியே தேவலை.

வந்துட்டீங்களா! உக்காருங்க.

லாரியில பட்டை நீளவாக்குல இருக்கும், இரும்பு, அடுக்கடுக்கா. அச்சைப் பிடிச்சு வச்சிருக்கறதும் அதுதான், பாரம் சுமக்கறதும் அதுதான். ரெண்டு வேலையைத் தலையில கட்டினா ரெண்டும் அரைகுறையாத்தான் நடக்கும். கார்வெட்ல அது குறுக்கே, இடது சக்கரத்துலேருந்து வலது சக்கரத்துக்கு ஓடுது. ஒரே துண்டு, கண்ணாடி இழை. சக்கரத்தைப் பிடிச்சிருக்கறது மேலும் கீழும் இருக்கற அலுமினியக் கைகள். பட்டைக்கு ஸ்பிரிங் வேலை மட்டும்தான்.

1981-ல பின்பக்கம் இரும்பை எடுத்துட்டு இழைப் பட்டை வந்தப்போ எடை 44 பவுண்டுலேருந்து 8 பவுண்டா இறங்குச்சு. 1984-லேருந்து முன்னாடியும் அதுதான். இன்னொரு லாபம், ரெண்டு சக்கரத்தையும் ஒரே பட்டை சேக்கறதால வளைவுல சாய்றதையும் அது கொஞ்சம் தடுக்கும். காரைத் தாழ்த்தணுமா, பட்டை முனையில இருக்கற போல்ட்டைத் திருகினா போதும். வால்வோ எக்ஸ்சி90-ல பின்னாடி இருக்கறதும் இழைப் பட்டைதான், அதை யாரும் மாட்டு வண்டின்னு சொல்லலையே!

அட்லாண்டா: நான் பட்டையை எடுத்துட்டு காயிலோவர் (சுருள் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்தது) போட்டேன், கார் ரயில் மாதிரி ஓடுது. அண்ணனுக்குப் பழசு மேல பாசம்.

பாசம் இல்லை தம்பி. நீங்க எடுத்தது தேய்ஞ்சு போன இருபது வருஷ ஷாக் அப்சார்பரை. போட்டது புது ஷாக். புகழ் காயிலுக்குப் போகுது. பட்டையை வச்சுக்கிட்டு நல்ல ஷாக் மட்டும் போட்டு ஓட்டியிருந்தா ஒப்பிட்டுப் பேசலாம்.

சான் ஹோசே: அப்படின்னா 2020-ல வந்த சி8-ல ஏன் பட்டையைத் தூக்கிட்டாங்க?

இன்ஜினும் கியர்பாக்ஸும் பின்னாடி வந்து உக்காந்தப்புறம் குறுக்கே பட்டை ஓட இடம் எங்க? 2019 வரைக்கும் வந்த சி7-ல இருந்துச்சே. சரி, இதோட விடுங்க, பின்னாடி ஆட்கள் காத்திருக்காங்க.

சிகாகோ: முழு டேங்க் போட்டும் முள் காலின்னு காட்டுது.

பெட்ரோல்ல இருக்கற கந்தகம் டேங்க் அளவுகோலோட (சென்டர்) தொடுமுனையில படிஞ்சிருக்கு. ரெண்டு டேங்க் இருக்கறதால குழப்பம் இன்னும் கூடும். நல்ல டேங்க் கிளீனர் ரெண்டு தடவை ஊத்திப் பாருங்க. கேக்கலைன்னா அந்த அளவுகோலையே மாத்தணும்.

பீனிக்ஸ்: சாதாரண ஜாக் வச்சு எங்க தூக்கலாம்?

இது எனக்குப் பயமான கேள்வி. காரோட அடித்தரையில ஜாக்கை வைக்காதீங்க, வைக்கவே வைக்காதீங்க. இந்தக் காரோட தரை நடுவுல பால்சா மரம், ரெண்டு பக்கமும் இழைத் தகடு. ஜாக் தலை உள்ளே புகுந்துடும். பக்கத்து ஓரத்துல இருக்கறதும் பிளாஸ்டிக். காரோட அடிச்சட்டத்துல நாலு ஓட்டை இருக்கு, அதுல பொருந்தற ரப்பர் பக் (வட்டக் கட்டை) விக்குது. நாலு வாங்கி மாட்டிட்டுத் தூக்குங்க. கடைக்கு விட்டாலும் அந்த நாலையும் கையில குடுத்து, தூக்கும்போது பக்கத்துல நில்லுங்க.

சென்னை: 2003 மாடலை இறக்குமதி பண்ண முடியுமா?

அது சுங்க ஆளைக் கேக்க வேண்டியது. நான் ஸ்பேனர் ஆள்.

ஆஸ்டின்: எனக்கு 2007 சி6 இசட்06. வால்வ் கைட் (வால்வ் ஏறி இறங்கற குழல்) தேயுதுன்னு சொல்றாங்களே?

7 லிட்டர் இன்ஜின்ல அது இருக்கற பிரச்சினைதான். சிலிண்டர் ஹெட் வேலை தெரிஞ்ச ஆள்கிட்ட அளந்து பாக்கச் சொல்லுங்க. நான் அதைப் பிரிச்சதில்லை.

ஓஹையோ: ஏபிஎஸ் லைட்டும் டிராக்‌ஷன் லைட்டும் எரியுது அண்ணா.

ஹூஸ்டன்காரருக்குச் சொன்னது. வோல்டேஜ்?

டென்வர்: திரையில "சாவியை எடு, 10 செகண்ட் பொறு"ன்னு வருது. கார் நகர்ந்தா உடனே நின்னுடுது.

ஸ்டீயரிங் பூட்டு. பூட்டு விடலைன்னு கார் நினைச்சா, நகர ஆரம்பிச்சதும் பெட்ரோலை நிறுத்திடும். கம்பெனியே 2004-ல திரும்ப அழைச்சுச் சரிபண்ணின விஷயம். உங்க கார்ல செஞ்சாச்சான்னு வின் நம்பரை (காரோட அடையாள எண்) வச்சு டீலர்கிட்ட கேளுங்க. செஞ்சும் வருதுன்னா பூட்டு இல்லாமலே கார் ஓட வைக்கற சின்ன மாட்யூல் விக்குது, அரைமணி நேர வேலை. ஆனா முதல்ல பேட்டரி. கொஞ்சம் இறங்கிட்டாலே இந்தப் பூட்டு இப்படித்தான் அடம்பிடிக்கும்.

ஓஹையோ: பாத்தேன் அண்ணா. 11.8.

சார்ஜர் மாட்டுங்க. நாளைக்குக் காலையில லைட் எரியுதான்னு பாத்துட்டு எழுதுங்க.