வளர்ச்சி ஹார்மோன் எலும்பை எப்படி வளர்க்கிறது? பத்து வயதுப் பையன் குள்ளமாக இருந்தால் ஊசி போட வேண்டுமா?

மகனுக்குப் பத்து வயது, வகுப்பிலேயே அவன்தான் குள்ளம், க்ரோத் ஹார்மோன் ஊசி போடலாம் என்று யாரோ சொன்னார்கள், அது உடம்பில் என்ன செய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. மன்னார்குடிக்குத் தெற்கே விவசாயம். என் மகனுக்கு ஒன்பது வயதில் ஆரம்பித்து ஏழு வருஷம் தினம் ராத்திரி அந்த ஊசியைப் போட்டது நானும் என் மனைவியும்தான். அந்த ஏழு வருஷத்தில் டாக்டரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. பையன் எவ்வளவு உயரம் என்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது, வருஷத்துக்கு எவ்வளவு ஏறுகிறான் என்பதைப் பாருங்கள். எங்கள் வீட்டில் பொங்கலுக்குப் பொங்கல் பிள்ளைகளை நிலைக்கால் ஓரம் நிறுத்திப் பேனாக்கத்தியால் கோடு கிழிப்பது வழக்கம். 2016 பொங்கலுக்கும் 2017 பொங்கலுக்கும் நடுவில் மகள் ஆறு சென்டிமீட்டர் ஏறியிருந்தாள். மகனுடைய இரண்டு கோட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் வைக்க முடியவில்லை, டேப் பிடித்தால் மூன்று சென்டிமீட்டர். அவள் அவனைவிட இரண்டு வயது சின்னவள், அந்தப் பொங்கலில் இரண்டு பேர் கோடும் ஒரே மட்டத்தில் நின்றது. அதற்கு முன்னாலேயே ஒரு டாக்டரிடம் காட்டியிருந்தோம், டானிக் எழுதிக் கொடுத்து வளருவான் போங்கள் என்றார். அம்மாவும், "அவங்க தாத்தாவும் இப்படித்தான், மீசை மொளைக்கறப்ப நெடுநெடுன்னு வளந்துக்குவான் விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கன்னமும் தொப்பையுமாகப் பையன் புசுபுசுவென்று இருந்ததால் யாருக்கும் நோய் என்று தோன்றவில்லை. அந்தத் தொப்பையே ஒரு அறிகுறி என்று பிறகுதான் தெரிந்தது, ஏனென்றால் இந்த ஹார்மோன் கொழுப்பைக் கரைத்துத் தசையைக் கட்டும் வேலையையும் செய்கிறது, அது குறைந்தால் வயிற்றில் கொழுப்பு தங்கிவிடும்.

சரி, எப்படி வேலை செய்கிறது? மூளைக்கு அடியில், மூக்குக்கு நேர் பின்னால், பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் அங்கேதான் சுரக்கிறது. அதற்கு மேலே இருக்கும் ஹைப்போதலாமஸ் ஒரு ரசாயனத்தை அனுப்பித் திற என்கிறது, இன்னொன்றை அனுப்பி மூடு என்கிறது. அதனால் ஹார்மோன் நாள் முழுக்க ஒரே சீராக ஓடாது, முறை வைத்துத் தண்ணீர் விடுகிற மாதிரி விட்டு விட்டு வரும், அதில் பெரிய முறை தூங்கின முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆழ்ந்த தூக்கத்தில் வருவது. பகலில் பல நேரம் ரத்தத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. அதனால் யாராவது ஒரு தடவை ரத்தம் எடுத்து "க்ரோத் ஹார்மோன் கம்மி" என்று சீட்டு கொடுத்தால் அதை நம்பாதீர்கள்.

மேட்டூரில் ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் நேரே நம் வயலுக்கு வந்துவிடுவதில்லை, கல்லணையில் பிரிந்து வெண்ணாற்றில் இறங்கி வாய்க்கால் வாய்க்காலாக வர வேண்டும். இதுவும் ஏறக்குறைய அப்படித்தான். பிட்யூட்டரி விட்ட ஹார்மோன் கல்லீரலுக்குப் போய் அங்கே ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு பொருளைச் சுரக்க வைக்கிறது, வளர்த்திவிடும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது. ரொம்ப நாள் எல்லாம் கல்லீரல்தான் என்று நினைத்திருந்தார்கள். 1999இல் கல்லீரலில் மட்டும் ஐ.ஜி.எஃப்-1 சுரக்காதபடி செய்த எலிகளைப் பார்த்தபோது, ரத்தத்தில் அதன் அளவு பெரிதும் குறைந்தும் எலிகள் கிட்டத்தட்ட வழக்கம்போலவே வளர்ந்திருந்தன. ஆற்றுத் தண்ணீர் குறைந்தாலும் வயலிலேயே போர்வெல் வைத்திருக்கிற மாதிரி, வளரும் இடத்திலேயே அந்தப் பொருள் சுரக்கிறது, அந்தப் போர்வெல்லை ஓட வைப்பதும் வளர்ச்சி ஹார்மோன்தான். பிள்ளை சரியாகச் சாப்பிடாமல் நலிந்திருந்தால் இந்த ஏற்பாடே குழம்பிவிடும்: பிட்யூட்டரி ஹார்மோனை அதிகமாகவே விடும், கல்லீரல் அதற்குச் செவி கொடுக்காது. அந்தப் பிள்ளைக்குத் தேவை வயிறார முட்டை, பருப்பு, பால், ஊசி இல்லை.

எலும்புக்கு வருவோம். தொடை எலும்போ கை எலும்போ ரப்பர் மாதிரி முழுசாக இழுபட்டு நீள்வதில்லை. நெல் தண்டு கணுவுக்கு ஒட்டின இடத்தில்தானே நீளும், அந்த மாதிரி எலும்பு நீள்வதும் இரண்டு முனைக்கும் பக்கத்தில் இருக்கும் மெல்லிய குருத்தெலும்புத் தட்டில் மட்டும்தான். அந்தத் தட்டின் ஓரத்தில் சில செல்கள் சும்மா உறங்கிக்கொண்டிருக்கும். வளர்ச்சி ஹார்மோன் அவற்றை எழுப்புகிறது, ஐ.ஜி.எஃப்-1 பெருக வைக்கிறது, காசை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின மாதிரி வரிசை வரிசையாகச் செல்கள் சேர்கின்றன. அடியில் இருக்கும் பழைய செல்கள் ஊதிப் பெருத்து, சுற்றிலும் சுண்ணாம்பு படிந்து, கடைசியில் செத்துப்போகும், அந்த இடத்துக்குள் ரத்தக் குழாய் நுழைந்து எலும்பு கட்டும் செல்கள் வந்து உட்காரும். மேலே குருத்து, கீழே எலும்பு என்று இப்படியே போய்க்கொண்டிருக்கும்வரை உயரம் கூடும். தைராய்டு ஹார்மோன் குறைந்தாலும் இந்த வேலை படுத்துவிடும் என்பதால் அதையும் கட்டாயம் பார்ப்பார்கள்.

வயசுக்கு வருகிற காலத்தில் உயரம் சடசடவென்று ஏறி அப்புறம் நின்றுவிடுவதற்குக் காரணம் ஈஸ்ட்ரோஜன். பெண்பிள்ளைக்கு மட்டும் இல்லை, பையன்களுக்கும் அதுதான், ஆண் ஹார்மோனில் கொஞ்சம் உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறி அந்தத் தட்டை முழுக்க எலும்பாக்கி மூடுகிறது. ஈஸ்ட்ரோஜனை உணர முடியாத ஒரு ஆணைப் பற்றி 1994இல் எழுதியிருக்கிறார்கள், 28 வயதில் 204 சென்டிமீட்டர், அப்போதும் தட்டு மூடாமல் வளர்ந்துகொண்டிருந்தார். தட்டு மூடினபிறகு எவ்வளவு ஊசி போட்டாலும் ஒரு சென்டிமீட்டர்கூடக் கூடாது. தாடையும் கைகால் விரலும் தடித்துப்போகும், சர்க்கரை ஏறும். ஜிம்மில் விற்கிறார்கள் என்று வாங்கிப் போடும் பெரிய பையன்களுக்காக இதைத் தனியாகச் சொல்கிறேன், வேண்டாம்.

எங்களுக்கு என்ன நடந்தது என்றால், குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டர் முதலில் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார். ஒன்பது வயசுப் பையனுக்கு எலும்பு ஆறு வயசு காட்டியது. ஒரு வகையில் அது நல்ல செய்தி, வளர இன்னும் காலம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் வெறும் வயிற்றில், வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டிவிடும் க்ளோனிடின் மாத்திரை கொடுத்து, அரை மணிக்கு ஒரு தடவை ரத்தம். அந்த மாத்திரை பிரஷரை இறக்கும், தூக்கத்தையும் வரவழைக்கும் என்பதால் என் தோளிலேயே சாய்ந்து தூங்கிவிட்டான், ஒவ்வொரு தடவையும் நர்ஸம்மா வரும்போது கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் நீட்டினான். ஒரு சோதனையை மட்டும் நம்பக் கூடாது என்று வேறு மருந்து வைத்து இன்னொரு நாள் செய்தார்கள், இரண்டிலும் ஹார்மோன் எழும்பவில்லை. பிட்யூட்டரியில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. பார்த்தார்கள், அது இல்லை.

ஊசி போடப் போகிறோம் என்றதும் சொந்தக்காரர் ஒருவர் அது பிணத்திலிருந்து எடுப்பது என்று பயமுறுத்தினார். ஒரு காலத்தில் அது உண்மை, இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்துதான் எடுத்தார்கள், அதனால் சிலருக்கு மூளையை அழிக்கும் நோய் வந்தது, 1985இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது வருவது மரபணு மாற்றம் செய்த செல்களை வைத்துத் தயாரிப்பது. முதல் வருஷமே பையன் ஒன்பது சென்டிமீட்டர் ஏறினான், தொப்பையும் வடிந்தது.

செலவு அதிகம், மறைக்க மாட்டேன். எடை கூடக் கூட மருந்தின் அளவும் கூடும். மருந்து ஃபிரிட்ஜில் 2இலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தாலும் கெட்டுவிடும். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு எங்கள் ஊரில் பதினேழு நாள் கரண்ட் இல்லை. மருந்து நிரப்பிய ஊசிப் பேனாவை பிளாஸ்க்கில் துணி சுற்றி வைத்து, பையனை பைக்கில் ஏற்றி, விழுந்த தென்னைகளைத் தாண்டித் தாண்டி நீடாமங்கலம் வரை போய் அங்கிருந்து பஸ்ஸில் திருச்சியில் அவன் அத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். அவள்தான் மூன்று வாரம் ஊசி போட்டாள். 2024இல் வளர்ச்சி நின்றபோது 164 சென்டிமீட்டர்.

உங்கள் மகனுக்கு இந்தக் குறை இருக்க வேண்டும் என்று இல்லை. குள்ளமான பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஹார்மோன் சரியாகத்தான் இருக்கும், அப்பா அம்மா உயரத்தைச் சென்டிமீட்டரில் கூட்டி, பையனுக்கு 13 சேர்த்து, இரண்டால் வகுத்தால் வரும் அளவை ஒட்டித்தான் வளருவார்கள். சிலர் எங்கள் அம்மா சொன்ன மாதிரியே தாமதமாக வளர்கிறவர்கள், ஆனால் அவர்களும் அதுவரை வருஷத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் பக்கமாவது ஏறிக்கொண்டிருப்பார்கள். நாலுக்குக் கீழே போனால் காத்திருக்க வேண்டாம். பெண்பிள்ளை என்றால், க்ரோமோசோம் குறையால் உயரம் குறையும் டர்னர் நோய்க்குறி இருக்கிறதா என்று க்ரோமோசோமும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்றைக்குக் காலையிலேயே அளந்துவிடுங்கள், சாயங்காலத்துக்குள் எல்லோருமே கொஞ்சம் குறைந்துவிடுவோம். செருப்பில்லாமல் குதிகால் சுவரில் ஒட்ட நிற்க வைத்து, தலைமேல் தடித்த புத்தகத்தை மட்டமாக வைத்துக் கோடு போட்டு, தேதி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் இன்னொரு கோடு. பள்ளிக்கூடத்தில் எப்போதாவது உயரம் எடுத்த அட்டை இருந்தால் அதையும் தேடி வையுங்கள். நாங்கள் டாக்டரிடம் எடுத்துப்போனது நிலைக்காலை போனில் பிடித்த ஒரு போட்டோ, அவர் அதைப் பெரிதாக்கிக் கோடு கோடாகப் பார்த்துவிட்டுத்தான் எக்ஸ்ரேக்குச் சீட்டு எழுதினார்.