வங்காளிக் கணவர், தருமபுரி மனைவி: குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது?

கேள்வி: நான் தருமபுரி. கணவர் மேற்கு வங்காளம். இரண்டு வீட்டுக்கும் பொருந்துகிற மாதிரி குழந்தைக்குப் பெயர் எப்படித் தேர்ந்தெடுப்பது? அவருடைய குடும்பப் பெயரைச் சேர்க்க வேண்டுமா, நம் ஊர் வழக்கப்படி இனிஷியல் போதுமா?

எங்கள் வீடும் இதே கலவைதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் பென்னாகரம் பக்கம். கணவர் நதியா மாவட்டத்துக் கிருஷ்ணநகர். இருவருக்கும் ஓசூரில் வேலை, குடியிருப்பதும் அங்கேதான். மகள் பிறக்கும் முன்பே பெயர்ப் பேச்சு தொடங்கிவிட்டது. பென்னாகரத்திலிருந்து ஒரு பட்டியல், கிருஷ்ணநகரிலிருந்து ஒரு பட்டியல், கைப்பேசியில் நாங்கள் சேர்த்து வைத்தது இன்னொன்று.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒரே பெயருக்குள் இரண்டு குடும்பத்தையும் அடைக்கப் பார்க்காதீர்கள். அம்மா பெயரில் முதல் எழுத்து, அப்பா பெயரில் கடைசி எழுத்து என்று ஒட்டிச் செய்கிற பெயர்கள் இரண்டு ஊரிலும் யாருக்கும் சொந்தமாகத் தெரிவதில்லை. ஒரு குழந்தைக்கு உண்மையில் பல பெயர்கள் அமைகின்றன. சான்றிதழில் எழுதுகிற பெயர், அதன் பின்னால் வருகிற குடும்பப் பெயர், வீட்டில் கூப்பிடுகிற செல்லப்பெயர், காதில் மூன்று முறை சொல்கிற சாமி பெயர். இவற்றை இரண்டு வீட்டுக்கும் பங்கு போட்டுக்கொடுங்கள். யாருக்கும் மனக்குறை வராது.

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்தே இதைத் தொடங்கலாம். கணவருடைய குடும்பப் பெயரைச் சேர்த்தால், பிள்ளையின் ஒவ்வொரு காகிதத்திலும் அது வரும். முகர்ஜியோ பிஸ்வாஸோ மண்டலோ, பார்த்தவுடன் வங்காளம் என்று தெரிந்துவிடும். ஆக அப்பா வீட்டுக்கான இடம் அங்கேயே உறுதியாகிவிடுகிறது. அப்படியானால் முன்னால் வருகிற பெயர் அம்மா பக்கம் சாய்வதுதான் நியாயம். என் கணவர் தன் அம்மாவிடம் இதைத்தான் சொன்னார். “நம்ம பேர் பின்னாடி எப்பவும் இருக்கும்மா, முன்னாடி இருக்கறதை அவங்க வீட்டுக்குக் கொடுப்போம்.” மாமியாரும் ஒத்துக்கொண்டார்.

இதுவே தலைகீழாக, அப்பா தமிழ், அம்மா வங்காளி என்றால் கணக்கு மாறும். நம் வழக்கத்தில் அப்பாவுக்கு ஒரு எழுத்துதான், அம்மா வீட்டுக்கு எதுவுமே இல்லை. அந்த இடத்தில் பெயரை வங்காளப் பக்கம் சாய விடுவதுதான் சரி என்று நினைக்கிறேன்.

அப்புறம், ஒலி. இணையத்தில் கிடைக்கிற பெயர்ப் பட்டியல்கள் பொருளை மட்டும் சொல்கின்றன, அந்தப் பெயர் வாயில் எப்படி வரும் என்பதைச் சொல்வதில்லை. வங்காளத்தில் ‘வ’ பெரும்பாலும் அழுத்தமான ‘ப’ ஆகிவிடும். வாணி அங்கே பாணி, ரேவதி அங்கே ரேபதி, காவேரி அங்கே காபேரி. சொல்லின் முதலில் வருகிற ‘ய’ அங்கே ‘ஜ’, யமுனா என்றால் ஜமுனா. நாம் ‘அ’ என்பதை அவர்கள் ‘ஒ’ பக்கம் வட்டமாகச் சொல்வார்கள், அதனால் அருண் ஒருண் ஆகிறான், கமல் கொமொல் ஆகிறான். லக்ஷ்மி லொக்கி. இதெல்லாம் குறை என்று நினைக்காதீர்கள். காபேரி என்று மாமியார் கூப்பிட்டால் அவர் தன் பெயராக எடுத்துக்கொண்டு கூப்பிடுகிறார் என்று பொருள். வங்காளத்தில் அந்தப் பெயரில் நிறையப் பெண்கள் இருக்கிறார்கள், ஒகேனக்கல் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வருகிற நம் ஆற்றின் பெயர்தான் அது. உங்களுக்குப் பெண் பிறந்தால் பட்டியலில் முதலில் இதை எழுதுங்கள் என்பேன்.

‘ழ’ உள்ள பெயர்கள்தான் கொஞ்சம் சிக்கல். யாழினி, எழில், மகிழன் எல்லாம் எனக்கும் ஆசைதான். ஆனால் யாழினியை வங்காளத்தில் முதல் எழுத்திலிருந்தே வேறு மாதிரி சொல்வார்கள், ஆங்கிலத்தில் எழுதியதைப் படித்தால் அதைவிட விலகிப்போகும். பேத்தியின் பெயரை வாய் நிறையக் கூப்பிட முடியாமல் ஒரு பாட்டி தயங்குவது எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன். உங்கள் மனம் கேட்கவில்லை என்றால் வைத்துவிடுங்கள். பிள்ளை வளர்வது இங்கேதான் என்றால் அந்தப் பெயர் இங்கே நன்றாகவே வாழும்.

அவர்கள் பக்கத்துப் பெயர்களிலும் இதே விஷயம் உண்டு. அர்க்ய, ஸ்ரேஷ்டா, ஹ்ருதிகா மாதிரி கூட்டெழுத்தில் நிற்கிற பெயர்கள் நம் கிராமத்துப் பெரியவர்கள் வாயில் உடைந்துவிடும். எங்கள் ஆயாவிடம் ஒவ்வொரு பெயராகச் சொல்லி, வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி கூப்பிடச் சொன்னேன். மாமியாரிடம் போனில் அதையே செய்தேன். பாதிப் பட்டியல் அன்றே கழிந்துவிட்டது. பொருள் பார்ப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

இன்னொன்றும் செய்ய வேண்டும். பெயரையும் அதன் சுருக்கத்தையும் மற்ற மொழிக்காரரிடம் கேட்டுவிடுங்கள். நான் முதலில் ஆசைப்பட்டது கனிமொழி, வீட்டில் கனி என்று கூப்பிடலாம் என்று. கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார், வங்காளத்தில் கானி என்றால் ஒரு கண் இல்லாதவள். பாம்புத் தெய்வமான மனசா தேவியை வணிகர் சாந்த் சதாகர் வைகிற கதையில் வருகிற சொல் அது, அங்கே எல்லாருக்கும் தெரியும். நெடில் குறில் வித்தியாசம் உண்டுதான், ஆனால் பள்ளி விடுமுறைக்கு அங்கே போகும்போது மற்ற பிள்ளைகள் சும்மா இருக்க மாட்டார்கள். அந்தப் பெயரை அங்கேயே விட்டோம்.

சாமி பெயர் வைத்தால் பிரச்சினையே இல்லை, இரண்டு பக்கமும் அதே சாமிகள்தானே என்பார்கள். சாமி அதேதான், ஆனால் கதை வேறு. வங்காளத்தில் கார்த்திக் திருமணம் ஆகாதவர், கணேசருக்குத்தான் துணை உண்டு. துர்கா பூஜையில் பிள்ளையார் பக்கத்தில் வாழைக்கன்றுக்குப் புடவை கட்டி நிறுத்துவார்கள், அதை அவர் மனைவி என்பார்கள். நமக்கோ முருகனுக்கு வள்ளி தெய்வானை, பிள்ளையார்தான் தனி ஆள். லக்ஷ்மியும் சரஸ்வதியும் அங்கே துர்காவின் மகள்கள். இதையெல்லாம் பேசிக்கொண்டே பெயர் தேடியது எங்கள் இரண்டு குடும்பமும் நெருங்கின காலம். கிருஷ்ணநகரில் கல்யாணமான புதிதில் வாசலில் கார்த்திக் பொம்மையை ரகசியமாக வைத்துவிட்டுப் போவார்களாம், ஆண்பிள்ளை பிறக்கட்டும் என்று. அப்படிப்பட்ட வீட்டில் பையனுக்குக் கார்த்திக் என்று வைத்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள்! நமக்கோ அது முருகன் பெயர். இரண்டு வீடும் தன்னுடையது என்று சொல்லும். உமாவும் அப்படித்தான். வங்காளத்தில் துர்கா பூஜை என்றாலே உமா தன் பிறந்த வீட்டுக்கு வருகிறாள் என்று பாடுவார்கள்.

எங்கள் மகளின் நட்சத்திரம் மகம். மா, மீ, மூ, மே என்ற எழுத்துகளில் தொடங்க வேண்டும் என்று என் அப்பா சொன்னார். ஆயாவுக்கு வேறு ஆசை. எங்கள் பக்கம் மாதேஸ்வரன் மலைக்கு வேண்டிக்கொண்டு போகிறவர்கள் அதிகம். அதனால்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் மாது, மாதேஷ், மாதையன், மாதம்மாள் என்று இத்தனை பேர் இருக்கிறார்கள். “மாதேஸ்வரன் பேரு ஒண்ணாவது வேணும்டி” என்பது ஆயாவின் கோரிக்கை. மலை இருப்பது கர்நாடக எல்லைக்குள் என்றாலும் அந்தச் சாமி எங்களுக்கு வீட்டுச் சாமி மாதிரி.

கிருஷ்ணநகருக்குப் பக்கத்திலேயே நவத்வீபம், கிருஷ்ண பக்தியைப் பரப்பிய சைதன்யர் பிறந்த ஊர். அந்தப் பக்கம் மாதவ், கோவிந்த, நிதாய் என்ற பெயர்கள் ஏராளம். மாமியார் அனுப்பிய பட்டியலில் மாதபி என்று ஒன்று இருந்தது. நம் மாதவிதான். வங்காளத்தில் அது ஒரு கொடிப் பூவின் பெயரும்கூட, தமிழிலும் மாதவி என்றால் குருக்கத்திக் கொடி. அப்பா கேட்ட ‘மா’ வந்துவிட்டது. ஆயா “மாது” என்று கூப்பிட்டுக்கொள்ளலாம். அம்மா பக்கம் சாய்கிற பெயர் வேண்டும் என்றிருந்த எனக்கும் இது போதும். பூம்புகார் மாதவியைவிடத் தமிழ்ப் பெயர் வேறு எங்கே தேடுவது?

ஆனால் அந்தப் பூம்புகார்க் கதையை வைத்தே என் பெரியம்மா மறுத்தார். கோவலனைப் பிரித்தவள் பெயரையா பிள்ளைக்கு வைப்பது என்றார். நான் அவரிடம் உட்கார்ந்து பேசினேன். அரங்கேறி, அரசன் கையால் தலைக்கோல் பட்டம் வாங்கிய ஆடல்மகள் அவள். கோவலன் இறந்த செய்தி கேட்டதும் எல்லாவற்றையும் துறந்தவள், மகள் மணிமேகலையையும் அறத்தின் பக்கம் அனுப்பியவள். இப்படி ஒரு பெண்ணின் பெயர் என் மகளுக்குக் கிடைத்தால் பெருமைதான் என்று சொன்னேன். பெரியம்மா முழுசாக ஒத்துக்கொண்டாரா என்று தெரியாது, ஆனால் பெயர் வைக்கிற அன்று காலையிலேயே வந்து தொட்டில் கட்டினார்.

ஸ்பெல்லிங்கை ஒரே தடவை முடிவு செய்துவிடுங்கள். ஆங்கிலத்தில் ‘த’வை நாம் எழுதும் விதமும் அவர்கள் எழுதும் விதமும் வேறு. ‘வி’யை அவர்கள் வீட்டில் ‘பி’ என்று எழுதுவார்கள். நாங்கள் இந்தியா முழுக்கப் பழகின ஸ்பெல்லிங்கை எடுத்துக்கொண்டோம். அவரவர் வாயில் எப்படி வேண்டுமானாலும் வரட்டும், காகிதத்தில் ஒன்றுதான். நியூமராலஜிக்காக நடுவில் ஒரு எழுத்தைக் கூட்டுவது வேண்டவே வேண்டாம். இரண்டு மொழிக்காரர்கள் படிக்கப்போகிற பெயரில் கூடுதல் எழுத்து உச்சரிப்பைத்தான் கெடுக்கும். ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று ஆகிவிட்டால் பிள்ளைதான் அலைய வேண்டும்.

செல்லப்பெயரைத் தாராளமாக மாமியாரிடம் விட்டுவிடுங்கள். வங்காளத்தில் இதற்கென்று முறையே இருக்கிறது. வெளியே சொல்ல ‘பாலோநாம்’, வீட்டில் கூப்பிட ‘டாக்நாம்’, இரண்டும் சம மரியாதை உள்ளவை. மாமியார் மிட்டி என்று வைத்தார். இப்போது எங்கள் தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. அதுபோல அவர்கள் முதல் சோறு ஊட்டுகிற அன்னப்பிராசனத்தைப் பெரிதாகச் செய்வார்கள், தாய்மாமன்தான் முதலில் பாயசம் ஊட்ட வேண்டும். நமக்குத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துகிறோம். என் தம்பிக்கு இரண்டு மரியாதையும் கிடைத்தது. அவனுக்கு அதில் ரொம்பப் பெருமை.

கடைசியாக, காகித வேலை. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், ஆனால் அப்போதே பெயர் தர வேண்டியதில்லை. பெயர் இல்லாமல் பதிவு செய்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்க வழி இருக்கிறது. மருத்துவமனையில் படிவம் நீட்டுகிறார்களே என்று அவசரப்பட்டு ஒரு பெயரை எழுதிவிடாதீர்கள், பதிவான பெயரை மாற்றுவது பெரும்பாடு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, பிறந்த இடத்துக்கான சான்று பிறப்புச் சான்றிதழ்தான். அதில் உள்ளபடிதான் மற்ற எல்லாக் காகிதமும் போகும்.

குடும்பப் பெயரா இனிஷியலா என்று கேட்டீர்கள். வெளிநாடு போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் குடும்பப் பெயரை முழுதாக எழுதுவது நல்லது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள், ஆனால் எத்தனை பேர் தவித்தார்கள்! எங்கள் மகளுக்கு இரண்டு பெயரையும் முழுதாகவே எழுதியிருக்கிறோம். இங்கே பள்ளியில் இனிஷியல் கேட்டபோது, குடும்பப் பெயர் உள்ள சான்றிதழைக் காட்டி அப்படியே பதியச் சொன்னேன், பதிந்தார்கள்.

உங்கள் பட்டியலைக் கீழே கருத்தில் எழுதுங்கள். வங்காளத்தில் எப்படி ஒலிக்கும், வேறு பொருள் ஏதாவது வருகிறதா என்று கணவரிடமும் மாமியாரிடமும் கேட்டுச் சொல்கிறேன்.