தரைக்கடியில் வயர் போடலாமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் பழைய வீட்டை ஒட்டிப் பின்னால் ஒரு ரூம் எடுக்கிறோம். ஏசி லைனைத் தரைக்கடியில் கொண்டு போகலாமுங்களா?

பதில்: தாராளமாகப் போகலாமுங்க, ஆனால் வயரை வெறுமனே மண்ணில் புதைத்துவிடாதீர்கள். 25 எம்எம் கனமான பிவிசி பைப் போட்டு, திரும்புகிற இடத்தில் சட்டென்று மடங்கும் எல்போவுக்குப் பதில் நீள வளைவு வையுங்கள், அப்போதுதான் நாளைக்கு வயர் போனாலும் டைல்ஸை உடைக்காமல் உருவி மாற்ற முடியும். தரைக்குள் ஜாயிண்ட் கூடவே கூடாது. ஒன்றரை டன் ஏசிக்கு 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், கூடவே எர்த். கான்கிரீட் போடும் முன் பைப் வாயைத் துணி வைத்து அடைத்துவிடுங்கள். சிமெண்ட் பால் உள்ளே இறங்கிக் கெட்டியானால் அந்தப் பைப் அவ்வளவுதான். அப்புறம், மூடும் முன்பே பைப் போகிற வழியை டேப்பைப் பிடித்து அளவோடு போட்டோ எடுத்து வையுங்கள். பக்கத்து ரூம் பிளக்கிலிருந்தே இழுத்துக்கலாம் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். ஏசிக்கென்று தனி எம்சிபியும் (லோடு கூடினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் கேளுங்கள்.