மேலாளர் மறைத்த மூன்று வாரம்

அன்புள்ள ஐயா,

திருமங்கலத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து மதுரைக்கு வேலைக்குப் போகிறேன். மற்ற கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் அவுட்சோர்சிங் நிறுவனம். சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. போன வருடம் புது மேனேஜர் வந்தார். அதிலிருந்து காலை மீட்டிங் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. எக்செல் ஷீட்டை டிவியில் போட்டு, முந்தின நாள் எட்டு புரொஃபைல் (வேலை தேடுபவர்களின் விவரக்குறிப்பு) அனுப்பாதவர்கள் பெயரைச் சிவப்பாக்கி, ஒவ்வொருவராக எழுப்பி நிறுத்திக் கேட்பார். சமீபத்தில் ஜாவா தெரிந்த ஆள் வேண்டும் என்று வந்த ஒரு ரெக்வயர்மெண்டுக்கு மூன்று வாரம் ஆள் தேடினோம். ஆள் கேட்ட கம்பெனி, அதாவது கிளையண்ட், அதை முதல் வாரமே ஹோல்டில் போட்டு நிறுத்தி வைத்தது மேனேஜருக்குத் தெரியும். எங்களிடம் சொல்லவில்லை. டீமில் பாதிப் பேர் போய்விட்டார்கள். "ஏசி ரூம், பி.எஃப். பிடிக்கிறார்கள், வேறென்னடா வேணும்?" என்கிறார் அப்பா. குறை என்னிடம்தானா? வேலையை விட்டுவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

குறை உங்களிடம் இல்லை. சிவப்புப் பெயர்களைவிட அந்த மூன்று வாரம்தான் என்னை உறுத்துகிறது.

ஒருவரை வேலையில் சேர்ப்பது உங்களைப்போல ஆள் தேடும் ரெக்ரூட்டர் கையில் மட்டும் இல்லை என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கிளையண்ட் சம்பள வரம்பைக் குறைத்து வைத்திருப்பார். இன்டர்வியூ எடுத்தவர் வாரக்கணக்கில் பதில் சொல்ல மாட்டார். ஐடி நிறுவனங்களில் வேலையை விட 90 நாள் நோட்டீஸ் தர வேண்டியிருப்பது சர்வசாதாரணம். ஆஃபர் லெட்டர் வாங்கியவர் அந்த மூன்று மாதத்தில் அதைக் காட்டியே இன்னொரு ஆஃபர் வாங்கிவிட்டு, சேர வேண்டிய நாளில் போனை எடுக்க மாட்டார். பல ஒப்பந்தங்களில் ஆள் சேர்ந்தால்தான் கட்டணம். சேர்ந்தவர் சீக்கிரமே விலகினால் மாற்று ஆளை இலவசமாகத் தர வேண்டும்.

இந்த நிச்சயமின்மையை முதலில் தன் தோளில் வாங்கத்தான் மேலாளர் இருக்கிறார். "இந்தச் சம்பளத்துக்கு இந்த அனுபவத்தில் ஆள் கிடைக்காது" என்று கிளையண்டிடம் சொல்ல வேண்டியவர் அவர். அதைச் சொல்லப் பயப்படுகிறவர் எண்ணக்கூடியதைப் பிடித்துக்கொள்கிறார்: எத்தனை போன் கால், எத்தனை புரொஃபைல். எட்டு கேட்டால் எட்டு வந்துவிடும். அதில் நாலு பேருக்கு எந்த வேலைக்குத் தன் பெயர் போயிருக்கிறது என்றே தெரியாது. தர மேலாண்மையில் பெரிய பெயரான எட்வர்ட்ஸ் டெமிங், மேலாளர்களுக்கு வகுத்த 14 கோட்பாடுகளில் அச்சத்தை விரட்டச் சொன்னார். எண் இலக்கு வைத்து வேலை வாங்குவதையும் கைவிடச் சொன்னார். இரண்டும் ஒரே பட்டியலில் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பயந்தவன் எண்ணைத்தான் கொடுப்பான்.

என் நண்பரின் மகளும் இதே வேலையில் இருந்தவள். ஒருநாள் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் கவிழ்த்து வைத்தாள். மறுபடி அடித்தது. "விருதுநகர் பையன் மாமா. இன்டர்வியூ முடிஞ்சு ரிசல்ட் கேக்குறான். எனக்கே தெரியாது, என்னத்தச் சொல்ல? மேனேஜர், 'ப்ராசஸ்ல இருக்குன்னு சொல்லு'ங்கிறாரு" என்றாள். அதன்பின் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்தத் தொழிலில் மோசமான தலைமை செய்யும் பெரிய கேடு இதுதான் என்று நினைக்கிறேன். திட்டு வாங்கினால் மனம் நோகும்; இரண்டு நாளில் ஆறும். வேலை தேடி அலையும் ஒரு பையனிடம் தினமும் பொய் சொல்ல வைத்தால், தன் வேலை மீதிருக்கும் மரியாதையே போய்விடும். மூன்று வாரமாக நீங்களும் எத்தனையோ பேரிடம் இல்லாத வேலையை இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள், அறியாமலே. போன பாதிப் பேர் சம்பளத்துக்காக மட்டும் போயிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். ரெக்வயர்மெண்ட் வந்ததும் அது திறந்திருக்கிறதா, சம்பள வரம்பு என்ன, கடைசியாக அனுப்பிய புரொஃபைல் ஏன் தள்ளப்பட்டது என்று மெயிலில் கேளுங்கள். மரியாதையாக, ஒவ்வொரு முறையும். பதில் வராவிட்டாலும் நீங்கள் கேட்டது பதிவாகும். எண்ணிக்கை குறைந்ததைச் சொல்லி "இன்றே கிளம்பு" என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கீடான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. முறையாக விசாரித்து நிரூபித்த ஒழுங்கீனத்துக்கு மட்டும் நோட்டீஸ் தேவையில்லை.

விடுவதென்றால், அடுத்த ஆஃபர் கைக்கு வந்தபிறகு விடுங்கள். வீட்டில் உங்கள் சம்பளத்தை எதிர்பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த கம்பெனி இன்டர்வியூவில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள் இல்லையா, அப்போது கேளுங்கள்: "கிளையண்ட் ஒரு ரெக்வயர்மெண்டை ஹோல்டில் போட்டால், டீமுக்கு என்றைக்குத் தெரியும்?" பதில் சொல்லப்போகிறவர் உங்கள் மேனேஜராக வரப்போகிறவராக இருக்கட்டும், எச்.ஆரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை.