கோழிக்கூட்டைச் சுற்றித் தோட்டம்: முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கேள்வி: தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வீட்டுக்கு மேற்கே, பின்பக்கம் ஒன்றரை சென்ட் இடத்தில் எட்டு நாட்டுக்கோழி வளர்க்கிறேன். மழை பிடித்தால் அடுக்களை வரை வாடை வருகிறது. கோழி கிளறி எங்கு பார்த்தாலும் குழி. தை மாதம் மகனுக்கு நிச்சயதார்த்தம், பெண் வீட்டார் வருவார்கள். கூட்டை எடுக்க எனக்கு மனமில்லை. சுற்றிலும் அழகாகத் தோட்டம் போட ஆசை. ஒரு ஒப்பந்தக்காரர் புல்தரை, கூழாங்கல், அழகுச் செடிகள், கூட்டின் மேல் படரக் கொடி எல்லாம் சேர்த்து 68 ஆயிரம் ரூபாய் கேட்கிறார். பாதியை முதலிலேயே தர வேண்டுமாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம், முதலில் அதை நிறுத்துங்கள்.

அவர் சொன்ன நான்கில் ஒன்றுகூடக் கோழி இருக்கும் இடத்துக்குப் பொருந்தாது. விரித்துப் போடும் புல்லின் வேர் மேல்மண்ணில் ஒன்றிரண்டு அங்குலத்தில்தான் நிற்கும். கோழி நாள் முழுக்கக் காலால் மண்ணைக் கிளறிப் புழு பூச்சி தேடும். மத்தியானம் பொடிமண்ணில் புரண்டு குளிக்கும். உடம்பில் இருக்கும் பேனை அது அப்படித்தான் உதிர்க்கிறது. குளிக்காத கோழி நன்றாக இருக்காது. எட்டுக் கோழி உலவும் இடத்தில் புதுப் புல் சில வாரம்கூடத் தாங்காது. ஐப்பசியில் போட்டால் தையில் சேறுதான் மிஞ்சும். கூழாங்கல்லின் இடுக்கில் எச்சம் இறங்கி மழையில் ஊறும், அதைப் பெருக்கவும் முடியாது, கழுவவும் முடியாது. நம் மாவட்டத்தில் இப்படிப் புல்லும் கல்லும் விற்றுவிட்டு அடுத்த மழைக்குள் போனை எடுக்காமல் போனவர்கள் பேரைச் சொல்லி என்னிடம் அழுதவர்கள் பலர். “கோழி வளரும் ஒரு வீட்டில் நீங்கள் போட்டு ஒரு வருஷம் ஆன தோட்டம் ஒன்றைக் காட்டுங்கள்” என்று மட்டும் அவரிடம் கேளுங்கள்.

சரி, உங்கள் உண்மையான பிரச்சினை வாடை. அது தீராமல் எத்தனை பூ வைத்தாலும் வருகிறவர்கள் மூக்கைத்தான் பிடிப்பார்கள். கூடு வீட்டுக்கு மேற்கே இருக்கிறது. ஆனி ஆடியில் தென்மேற்குக் காற்று கூட்டைக் கடந்துதான் உங்கள் அடுக்களைக்கு வரும். காற்றின் திசையை மாற்ற முடியாது. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: காய்ந்த எச்சம் அவ்வளவாக நாறாது, நனைந்த எச்சம்தான் நாறும். கோழி எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். எட்டுக் கோழிக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் கிலோவாவது விழும். அதில் மழையும் சேர்ந்தால் கண் எரிகிற அமோனியா வாடை கிளம்பும். நம் ஊரில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. வருஷத்தில் பாதி நாள் ஈரம்தான்.

அதனால் முதல் செலவு கூரைக்கு. கூரையின் இறவாணத்தை நான்கு பக்கமும் இரண்டடி நீட்டுங்கள். மேற்குப் பக்கம் சாரல் அடிக்கும், அங்கே மூன்றடி நீட்டினாலும் நல்லது. கூரைத் தண்ணீர் கூட்டடியில் விழாமல் கூரை விளிம்பில் தண்ணீர் ஓட ஒரு பாத்தி வைத்து ஓரமாக விடுங்கள். கூட்டுக்குள் தரையில் நான்கு அங்குலம் காய்ந்த படுக்கை வேண்டும். மரம் அறுக்கும் மில்லில் கிடைக்கும் ரப்பர் மரத்தூள், நெல் உமி, காய்ந்த தென்னை நார்க்கழிவு, எது கைக்குக் கிடைக்கிறதோ அது போதும். மரத்தூள் பச்சையாக இருந்தால் வெயிலில் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் பூசணம் பிடித்துக் கோழிக்கு மூச்சு முட்டும். இரண்டு நாளைக்கு ஒரு தடவை கிளறிவிடுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிடித்துப் பாருங்கள். விட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டைபோல நின்றால் அந்த இடத்தை வாரி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வாடை போக என்று சொல்லி ஈரப் படுக்கையில் சுண்ணாம்பைக் கொட்டுவார்கள். அது அமோனியாவை இன்னும் கிளப்பிவிடும். பிளீச்சிங் பவுடர் அதைவிட மோசம். எச்சத்தின் அமோனியாவோடு சேர்ந்தால் கிளம்பும் புகை கோழிக்கும் ஆகாது, உங்கள் நுரையீரலுக்கும் ஆகாது. பினாயிலும் வேண்டாம். காய்ந்த படுக்கைதான் மருந்து.

அடுத்தது வலை. இதில் எனக்கே பாடம் கிடைத்திருக்கிறது. முதல் கூடு கட்டியபோது கடைக்காரர் பேச்சைக் கேட்டு அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழி வலையை வாங்கி அடித்தேன். ஒரே ராத்திரியில் மரநாய் வலையைக் கிழித்து ஆறு கோழியைக் கொன்றுபோட்டது. அந்த வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், வெளியே இருப்பது உள்ளே வருவதைத் தடுக்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலை, வாங்குங்கள். விலை கூடும். அந்த 68 ஆயிரத்தில் ஒரு சின்னப் பங்கு இதற்கு வைத்தாலே போதும். வலையின் அடிப்பாகத்தை வெளிப்பக்கமாக ஓரடி மடக்கி மண்ணில் புதைத்துவிடுங்கள். கீரியும் நாயும் வலை ஓரத்தில்தான் தோண்டும், தோண்டினால் கம்பியில்தான் நகம் இடிக்கும்.

கூட்டின் மேலேயே கொடி படரவிடும் யோசனையை மறந்துவிடுங்கள். படத்தில் பார்க்க அழகாக இருக்கும். நம் ஈரப்பதத்தில் அந்தக் கொடிக்குள் எலி குடியேறும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். சிந்திக் கிடக்கும் தீனிக்கு எலி வந்தால் மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் பயமும் இருக்கிறது. தீனித்தட்டை ராத்திரி எடுத்து வைத்துவிடுங்கள். கூட்டைச் சுற்றி இரண்டடிக்குச் செடியே வேண்டாம். மணல் போட்டு, தினம் பெருக்கிச் சுத்தமாக வையுங்கள். கொடி வேண்டுமென்றால் கூட்டுக்கு மேற்கே மூன்றடி தள்ளித் தனியாக ஒரு சின்னப் பந்தல் போட்டு அதில் பிச்சியோ கோவையோ ஏற்றுங்கள். சாயங்கால வெயிலைக் கோழிக்கு மறைக்கும், பிச்சி என்றால் மணமும் உண்டு.

கோழி உலவும் இடம் ஒன்றுக்கு இரண்டாக வேண்டும். கோழிக்குப் பத்துச் சதுர அடி என்று எட்டுக்கு எண்பது சதுர அடி. அப்படி இரண்டு அடைப்பு போட்டு ஒரு மாதம் இதில், அடுத்த மாதம் அதில் என்று மாற்றி விடுங்கள். உங்களிடம் இருப்பது சுமார் 650 சதுர அடி, ஆகவே தோட்டத்துக்கு மிச்சம் நிறையவே இருக்கும். கோழி இல்லாத மாதத்தில் காலி அடைப்பில் கீரை விதையைத் தூவிவிட்டால் அது மண்ணை மூடும், திரும்பி வரும்போது கோழிக்குத் தீனியும் ஆகும். அடைப்பின் ஒரு மூலையில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு பழைய டயருக்குள் கொட்டி வையுங்கள். புரளுவதற்கு அது இருந்தால் மற்ற இடத்தில் குழி பறிப்பது பாதியாகக் குறையும்.

இனி செடி. கொத்தினாலும் கிளறினாலும் தாங்குவது எது, தாங்காதது எது என்று பார்த்து வாங்குங்கள். அடைப்புக்கு ஒட்டிய வரிசையில் செம்பருத்தி, இட்லிப்பூ, எலுமிச்சைப்புல், வெட்டிவேர். செம்பருத்தி இலையைக் கோழி தின்னும், தின்னட்டும். கிளை வேகமாகத் திரும்பி வரும். முருங்கை ஒன்று கட்டாயம் இருக்கட்டும். கூட்டுத் தண்ணீர் வடியும் தாழ்ந்த பக்கம் இரண்டு மட்டி வாழை வையுங்கள். எருச்சத்தையும் ஈரத்தையும் வாழை உறிஞ்சிக்கொள்ளும், கோழிக்கு நிழலும் கிடைக்கும். நடும் செடி எதுவானாலும் முதல் இரண்டு மூன்று மாதம் அடியை மூடிக் காப்பாற்றுங்கள். தேங்காய்க் கதம்பையை (உரித்த மட்டையை) குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி வேரைச் சுற்றி அடுக்கினால் கோழிக் கால் இறங்காது. மல்லாத்தி வைத்தால் தண்ணீர் தேங்கிக் கொசு வரும், அதில் கவனம். வெட்டுக்கல் துண்டும் வைக்கலாம், செம்மண்ணோடு பார்க்க அழகாக இருக்கும்.

ஒப்பந்தக்காரரின் அழகுச் செடிப் பட்டியலை எனக்குக் காட்டவில்லை, ஆனாலும் என்ன இருக்கும் என்று தெரியும்: குரோட்டன்ஸ், டைபன்பேக்கியா, அரளி. டைபன்பேக்கியா வாயை எரிக்கும். அரளி நஞ்சு, இலை, பூ, தண்டு எல்லாமே. அதேபோல மரச்சீனியின் (மரவள்ளிக்கிழங்கின்) பச்சைத் தோலையும் இலையையும் கோழிக்கு வீசாதீர்கள்.

அரளி பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். நம் பக்கத்தில் இசக்கியம்மனுக்கும் சுடலைமாடனுக்கும் சாத்த என்று பாட்டி காலத்திலேயே வைத்த செவ்வரளி பல வீட்டில் நிற்கிறது. அதை வெட்டச் சொல்ல எனக்கும் மனமில்லை, வெட்டவும் வேண்டாம். வெளியே சுற்றி, வயிறு நிறையத் தின்னும் கோழி அரளியைப் பெரும்பாலும் சீண்டாது. ஆபத்து எப்போது வருகிறது தெரியுமா? கிளையைக் கழித்து, அந்த இலைச் சருகைக் கூட்டுப் படுக்கையில் போடும்போது. அல்லது அடைபட்டுப் பசியோடு நிற்கும் கோழிக்கு முன்னால் அரளி இலை உதிரும்போது. காய்ந்தாலும் நஞ்சு போகாது. ஆகவே பழைய அரளி அடைப்புக்குப் பத்தடி தள்ளி நிற்கிறதென்றால் இருக்கட்டும். அதன் உதிரியைத் தனியாகப் பெருக்குங்கள், எருக்குழியில் போடாதீர்கள், அதைக் கொளுத்தி அந்தப் புகையில் நிற்காதீர்கள். சாமிக்குச் சாத்திய வாடின மாலையையும் கோழிக்கு எட்டும் இடத்தில் எறியாதீர்கள். அடைப்புக்குள்ளேயே நிற்கிறதென்றால், மரத்தை விட்டுவிட்டு அடைப்பை நகர்த்துங்கள். புதிதாக ஒன்று வாங்கி வைக்க மட்டும் எந்தக் காரணமும் கிடையாது.

எரு. கோழி எச்சத்தை அப்படியே செடிக்கடியில் போட்டால் செடி கருகும், தழைச்சத்து அவ்வளவு சூடு. ஒரு கூடை எச்சத்துக்கு இரண்டு கூடை காய்ந்த இலை சேர்த்து மூன்று மாதம் மக்கவிடுங்கள். கிணற்றுக்கு மேட்டுப் பக்கம் எருக்குழி வேண்டாம். ‘பதப்படுத்திய கோழி எரு’ என்று மூட்டையில் வருவதை வாங்கினால் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ மூக்கில் ஏறினாலோ அது பதப்படவில்லை.

தோட்டத்துக்கு அழகு என்று கலர் குஞ்சு, அலங்காரக் கோழி விற்க வண்டியில் வருவார்கள். இப்போது வாங்காதீர்கள். தை, மாசியில் அவற்றோடு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் நிச்சயதார்த்த வீட்டில் ஒரு கோழி மிஞ்சாது. அரசு தடுப்பூசி முகாம் பிப்ரவரியில்தான் நடக்கும். அதுவரை நோய் காத்திருக்குமா? கடையில் வாங்கப் போனால் குப்பி நூறு டோஸ், கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். எட்டுக் கோழி வைத்திருக்கும் ஒரு பெண்மணி மிச்சம் 92 டோஸை என்ன செய்வார்? வீடு வீடாக ஐந்தும் பத்தும் கோழி வளர்க்கும் மாவட்டம் இது. இதற்கு ஒரு வழி செய்யுங்கள் என்று நானும் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மானியத்தில் குஞ்சு கொடுக்கிறார்கள், அதை எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்ல ஆள் இல்லை. செடியைக் கேட்டால் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போ என்பார்கள், கோழியைக் கேட்டால் தோட்டக்கலைக்குப் போ என்பார்கள். நீங்கள் காத்திருக்காதீர்கள். தெருவில் கோழி வளர்ப்பவர்களை எல்லாம் சேர்த்து ஒரே நாளில் கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். அவரே குப்பியோடு வருவார், எல்லாருக்கும் முடியும். கார்த்திகைக்குள் இதைச் செய்துவிடுங்கள். செடி பற்றிச் சந்தேகம் இருந்தால் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் போய்க் கேளுங்கள், இடைத்தரகரிடம் கேட்காதீர்கள்.

தைக்குப் பூ வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு வருகிறேன். கேந்தியும் (செண்டுமல்லி) கோழிக்கொண்டையும் போடுங்கள். கோழிக்கொண்டை கீரை இனம், கோழி கொத்தினாலும் ஒன்றும் ஆகாது. ஐப்பசி மழையில் நேரடியாக நட்டால் நாற்று அழுகிவிடும். அதனால் ஐப்பசி பிறந்ததும் விதையை இறவாணத்துக்கு அடியில் தட்டில் போட்டு வளர்த்து, கார்த்திகை பிறந்ததும் ஒரு சாண் உயர்ந்த பாத்தியில் நடுங்கள். நட்டு 50, 60 நாளில் கேந்தி பூக்கும். பாத்தி, வீட்டிலிருந்து வருகிறவர்கள் பார்வை முதலில் படும் கிழக்கு ஓரத்தில் இருக்கட்டும். அதைச் சுற்றி மட்டும் இரண்டடி உயரத்துக்கு மூங்கில் தட்டி கட்டிவிடுங்கள். நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் கூட்டுப் படுக்கையை முழுவதும் மாற்றிப் புதிதாக உமி போடுங்கள். நிச்சயதார்த்தத்தன்று கோழியை வெளியே விடாமல் மேற்கு அடைப்பிலேயே வைத்துக்கொண்டால் போதும்.